கும்பகோணத்தில் ஒரு பகல்: கோயில் நடை சாத்திய பிறகு எங்கே போவது?

நொய்யல்:
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். கோவையிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி சனி விடியற்காலை வந்து இறங்குவோம். சனிக்கிழமை முழுப் பகலும் எங்கள் கையில்தான். நான், என் அம்மா (68 வயது, முழங்கால் வலி உண்டு), கல்லூரி முதலாண்டு படிக்கும் மகள், மூன்று பேர். அம்மாவுக்கு நவக்கிரகக் கோயில்கள் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. மகளுக்கோ சிலை வார்ப்பதையும் பட்டு நெய்வதையும் நேரில் பார்க்க வேண்டும். கோயில் என்றால் ஒன்றிரண்டு போதும் என்கிறாள். நான் ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன்: நவக்கிரகம் ஒன்பது, தாராசுரம், சுவாமிமலை (சிலை வார்ப்பு), திருபுவனம் (பட்டு நெசவு), நாச்சியார்கோயில், கங்கைகொண்ட சோழபுரம், நேரம் இருந்தால் தஞ்சாவூர். வாடகைக் கார் பேசியாகிவிட்டது. இது ஒரு பகலில் முடியுமா?

அரசலாற்றங்கரை:
முடியாது அண்ணா. காரை விட்டு இறங்காமல் சுற்றினாலும் முடியாது. நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊர்தான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

வெளியூர்க்காரர்கள் இங்கே செய்கிற தவறு ஒன்றுதான். தூரத்தை மட்டும் கணக்குப் போடுவார்கள். சுவாமிமலை 8 கி.மீ., தாராசுரம் 4, நாச்சியார்கோயில் 10, எல்லாம் பக்கம் பக்கமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் உச்சிகால பூஜை முடிந்ததும் நடை சாத்திவிடுவார்கள். பெரும்பாலான கோயில்களில் திரும்பத் திறக்க நான்கு மணி ஆகும். பகலில் நான்கு மணி நேரம் அப்படியே போய்விடும். அந்த நேரத்தில் வெயிலில் கார் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அந்த நான்கு மணி நேரம்தான் எங்கள் ஊர்ப் பட்டறைகளையும் தறிகளையும் பார்க்கத் தோதான நேரம். கோயில் சாத்தியிருக்கும்போது கைவேலை நடந்துகொண்டிருக்கும். அதனால் காலையில் கோயில், நடுப்பகலில் கைத்தொழில், சாயங்காலம் மறுபடி ஒரு கோயில் என்று வையுங்கள். மூன்று இடம், மிஞ்சினால் நான்கு.

இன்னொன்றும் பாருங்கள். இங்கிருந்து பாதைகள் வேறு வேறு திசையில் பிரிகின்றன. மேற்கே தாராசுரம், சுவாமிமலை. கிழக்கே மயிலாடுதுறை சாலையில் திருபுவனம், ஆடுதுறை, நரசிங்கம்பேட்டை. தென்கிழக்கே திருவாரூர் சாலையில் நாச்சியார்கோயில். ஒரு பகலுக்கு ஒரு திசை, மனசு கேட்காவிட்டால் இரண்டு. மூன்றாவதைத் தொட்டால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது.

கொள்ளிடம்:
மற்றதில் எதை வேண்டுமானாலும் விடுங்கள், கங்கைகொண்ட சோழபுரத்தை மட்டும் விடாதீர்கள் என்பேன். கும்பகோணத்திலிருந்து சுமார் 35 கி.மீ. ராஜேந்திரன் தலைநகரையே மாற்றிக்கொண்டு போன இடம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் நேர்கோட்டில் ஏறும், இது உள்வாங்கி வளைந்து ஏறும். வடக்கு வாசல் பக்கம் சண்டேசருக்கு இறைவன் தலையில் கொன்றை மாலை சுற்றுகிற சிற்பம் ஒன்று இருக்கிறது. அதன் முன் நின்றால் அடுத்த வேலை ஞாபகம் வராது. உங்கள் மகளுக்கு நிச்சயம் பிடிக்கும்.

அரசலாற்றங்கரை:
நீங்கள் சொல்வது அத்தனையும் சரி. அதனால்தான் அதை இந்தப் பட்டியலில் ஒட்டவைக்க வேண்டாம் என்கிறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், அங்கே குறைந்தது இரண்டு மணி நேரம். அதற்கென்று ஒரு பகலை ஒதுக்கி வர வேண்டிய கோயில் அது. முழங்கால் வலி உள்ள அம்மாவோடு வரும்போது சுற்று குறுகலாக இருப்பதுதான் நல்லது.

வார்ப்புக்காரன்:
சுவாமிமலைப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சிலை வார்க்கும் தொழில்தான்.

முதலில், வார்ப்பைப் பார்க்கத்தான் வந்தேன் என்று நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றமாக இருக்கும். உலோகம் ஊற்றுவது தினமும் நடக்காது. கருக்கள் (மெழுகுச் சிலை மேல் மண் பூசிய அச்சுகள்) சேர்ந்து காய்ந்த பிறகு ஒரு நாள் வைத்துச் செய்வோம். அன்றைக்கு உலைச் சூடு அதிகம், வேலை செய்பவர்களின் கவனம் கலையக் கூடாது. வெளியாட்களைக் கிட்டே விட எங்களுக்கே பயம்.

ஆனால் மெழுகு வேலை எந்த நாளும் நடக்கும். என்னைக் கேட்டால் பார்க்க வேண்டியதும் அதுதான். தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றையும் சேர்த்துக் காய்ச்சி ஒரு பதத்துக்குக் கொண்டுவருவோம். தென்னங்கீற்று ஓலை ஒன்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துப் பாகம் பிரிப்போம். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, தொடை இவ்வளவு என்று அந்த மடிப்புகளே சொல்லிவிடும். இரண்டு அடிச் சிலைக்கும் அரை அடிச் சிலைக்கும் கணக்கு ஒன்றுதான், ஓலையின் நீளம்தான் வேறு. மெழுகுச் சிலை முடிந்ததும் அதன் மேல் வண்டல் மண் பூசுவோம். ஸ்தபதிகள் இந்த ஊரில் தங்கியதற்கே காரணம் அந்த மண் என்பார்கள் பெரியவர்கள். காவிரி கொண்டுவந்து போட்ட மண், மாவு மாதிரி இருக்கும். மெழுகில் நகம் பட்ட கோடு இருந்தால் அதுவும் மண்ணில் பதிந்துவிடும். நிழலில் காயவைத்து, அதன் மேல் சொரசொரப்பான மண்ணை இன்னும் இரண்டு பூச்சு பூசி, வறட்டி நெருப்பில் சூடுகாட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே சிலையின் வடிவத்தில் வெறும் இடம். அதைக் குழியில் இறக்கி மண்ணால் இறுக்கி, வாய் வழியாக உலோகத்தை ஊற்றுவோம். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால்தான் சிலை கைக்கு வரும். கரு உடைந்துவிடுவதால் ஒன்றில் ஒரு சிலைதான். அதே மாதிரி இன்னொன்று வேண்டுமென்றால் மறுபடி மெழுகிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்கப்புறம் உளி வேலையே வாரக்கணக்கில் போகும். அதை யாரும் விசாரிப்பதில்லை, ஊற்றுவதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

வருவதாக இருந்தால் முதல் நாளே போனில் கேட்டுவிட்டு வாருங்கள். அமாவாசை அன்று எங்கள் பட்டறையில் வேலை வைப்பதில்லை. படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். மெழுகைத் தொட ஆசையாக இருந்தால் அதையும் கேளுங்கள், தனியாக ஒரு உருண்டை தருவோம். வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பொறுமையாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் எழுந்து போனாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான்.

வேம்பு:
எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குள் ஆட்கள் வரிசையாக நுழைந்து வேடிக்கை பார்ப்பது சரிதானா? நெசவாளர் தெரு ஒன்றில், தறியில் உட்கார்ந்திருந்த ஒரு அக்காவைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று செல்போனை நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை, வந்துவிட்டேன்.

வார்ப்புக்காரன்:
உங்கள் தயக்கம் நியாயமானது. பத்துப் பேர் வந்தால் எங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். மூன்று பேர் வந்து, பெயர் சொல்லி, உட்கார்ந்து பேசினால் அது விருந்தாளி வந்த மாதிரி. என் மகன் இந்தத் தொழிலுக்கு வருவானா என்று எனக்கு இன்னும் தெரியாது. வேறு ஊர்ப் பிள்ளைகள் வந்து "இதை எப்படிச் செய்கிறீர்கள்" என்று கேட்கும்போது அவனும் பக்கத்தில் நின்று கேட்கிறான். அது எனக்குப் பெரிய விஷயம்.

பொன்னூஞ்சல்:
நவக்கிரகத்தை யாரும் ஆதரித்துப் பேசவில்லை, நான் பேசுகிறேன். போன வருடம் என் மாமியாரை ஒன்பது கோயிலுக்கும் ஒரே நாளில் அழைத்துப் போனேன். விடியற்காலை திங்களூரில் தொடங்கி இரவு திருநள்ளாறில் முடிந்தது. ஒவ்வொரு கோயிலிலும் இருபது நிமிடம்கூட இல்லை. சிற்பம் ஒன்றையும் நின்று பார்க்கவில்லை, உண்மைதான். ஆனால் வீட்டுக்கு வந்ததும், "இனி எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் படுத்தார்கள். அந்த நாளைக் குறைவாகப் பேச எனக்கு மனம் வராது. நொய்யல் சார், அம்மாவின் ஆசையை மகளின் ஆசைக்காக ஒரேயடியாக நறுக்கிவிடாதீர்கள்.

அரசலாற்றங்கரை:
அக்கா, நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஒன்பது வேண்டும் என்று அம்மா உறுதியாக இருந்தால் அந்தப் பகல் முழுக்க அம்மாவுடையது, மற்றதெல்லாம் இன்னொரு பயணத்துக்கு. இரண்டு மூன்று போதும் என்றால் ஒரு வழி இருக்கிறது. சூரியனார் கோயிலும் கஞ்சனூரும் (சுக்கிரன்) ஆடுதுறை பக்கம், ஒன்றுக்கொன்று மிக அருகில். கும்பகோணத்திலிருந்து சூரியனார் கோயில் ஏறக்குறைய 15 கி.மீ. அதற்கு முன்னால் திருமங்கலக்குடி பிராணநாதரைத் தரிசித்துவிட்டுப் போவது வழக்கம், அதுவும் பக்கத்திலேயே. ஆறரை மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் மூன்றும் நிதானமாக முடியும். படியேற்றமும் இல்லை. திரும்பும் வழியில் திருநாகேஸ்வரத்தில் ராகுவையும் சேர்த்துக்கொண்டால் நவக்கிரகத்தில் மூன்று ஆகிவிடும்.

ஆச்சாமரம்:
ஆடுதுறை வரை போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் நரசிங்கம்பேட்டை. நாதஸ்வரம் செய்கிற ஊர். 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கப்புறமும் அங்கே போகிறவர்கள் குறைவு, அதனால் சொல்கிறேன்.

குழலின் உடல் ஆச்சா மரம். புது மரத்தில் செய்ய மாட்டார்கள். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வருகிற உத்தரம், தூண் இவற்றைத் தேடி வாங்கி வைத்திருப்பார்கள். பல பத்து வருடம் காய்ந்து ஈரம் முழுக்கப் போன மரம் வெடிக்காது, வளையாது. அடியில் மலர்ந்திருக்கும் அணசு தனியாகச் செய்து பொருத்துவது. நடுத் துளையை நேராக இறக்குவதிலும், ஏழு விரல் துளைகளைச் சுரம் பிசகாமல் போடுவதிலும்தான் இருக்கிறது வித்தை. முன்பு திமிரி என்ற குட்டை நாதஸ்வரம்தான் வழக்கம், சுருதி உச்சத்தில் இருக்கும். இன்று கச்சேரியில் கேட்கிற நீளமான பாரி நாதஸ்வரம் நிலைபெற்றதில் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரிக்கும் பெரிய பங்கு. வாசிப்பவர் கேட்க, செய்பவர் செய்து பார்க்க, அப்படி உருவான வாத்தியம். வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைச் செய்கிறவர்கள் பக்கத்திலேயே திருவாவடுதுறையில் இருக்கிறார்கள். நாணல் தட்டையில் செய்வது.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் கெட்டிமேளம் கேட்கப் போகிறீர்கள். முதல் நாள் அந்த மரத்தைக் கையில் பிடித்துப் பார்த்திருந்தால் காது வேறு மாதிரி கேட்கும்.

தேக்கங்காடு:
நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களை அழைத்துப் போன ஓட்டுநர் சாலையோரக் கடை ஒன்றில் நிறுத்தினார். அங்கே வாங்கிய விளக்கு வீட்டுக்கு வந்து ஆறே மாதத்தில் ஆட ஆரம்பித்தது. தண்டு உள்ளே பொள்ளல், மரை தேய்ந்துவிட்டது. இரண்டாவது முறை நாங்களாகவே பட்டறைத் தெருவுக்குள் நடந்து போய் வாங்கினோம். பாதம், தண்டு, தட்டு, மேலே அன்னம் எல்லாம் தனித்தனியாக வார்த்துக் கடைந்து மரை போட்டுச் சேர்ப்பார்கள். வாங்கும் முன் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். கையில் தூக்கி எடை பாருங்கள், எடைக்குத்தான் விலை. ஓட்டுநர் சொல்கிற கடைக்குப் போக வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

கொள்ளிடம்:
சாப்பாட்டை யாரும் சொல்லவில்லையே. காலையில் இட்லியோடு கடப்பா கிடைக்கிறதா என்று கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்கிற எங்கள் பக்கத்துத் தொடுகறி. எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது.

நொய்யல்:
இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதியதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ஒன்பதுக்குமா போகணும்னு சொன்னேன், சூரியனையும் சுக்கிரனையும் பார்த்தா போதும்" என்றார்கள். அப்படியானால்: காலை திருமங்கலக்குடி, சூரியனார் கோயில், கஞ்சனூர். நடுப்பகல் சுவாமிமலை பட்டறை. சாயங்காலம் தாராசுரம். நரசிங்கம்பேட்டைக்கும் போக ஆசைதான், மகள் சிலைதான் வேண்டும் என்கிறாள். சரிதானே?

அரசலாற்றங்கரை:
சரியான திட்டம். கஞ்சனூரிலிருந்து சுவாமிமலை ஒரு மணி நேர ஓட்டம், நடுவில் ஊருக்குள் சாப்பிட்டுக்கொள்ளலாம். சுவாமிமலை முருகன் கோயிலுக்கு 60 படி உண்டு, ஒவ்வொன்றுக்கும் தமிழ் வருடம் ஒன்றின் பெயர். அம்மாவால் ஏற முடியாவிட்டால் வருந்த வேண்டாம், பட்டறைகளெல்லாம் தரையில்தான்.

தாராசுரத்துக்கு நாலரைக்குள் போய்விடுங்கள், வெளிச்சம் வேண்டும். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 2004-ல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தார்கள். எல்லோரும் குதிரை இழுக்கும் தேர் மண்டபத்தையும், தட்டினால் ஒலிக்கும் பலிபீடப் படிகளையும் பார்ப்பார்கள். படிகளைச் சுற்றி இப்போது கம்பி போட்டிருக்கிறது. நீங்கள் கருவறையின் வெளிச்சுவர் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். நாயன்மார் கதைகள் சின்னச் சின்னப் பலகைகளாக ஓடும். சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர், இந்தக் கோயில் அவன் மகன் காலத்தது. பெரிய புராணம் பாடி ஒரு தலைமுறைக்குள் கல்லில் ஏறிவிட்டது. கோவைக்காரர்கள் தேட வேண்டியது ஒன்று இருக்கிறது, சொல்ல மாட்டேன். முதலையைத் தேடுங்கள்.

நொய்யல்:
போய் வந்துவிட்டோம். கடமைப்பட்டிருக்கிறேன், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

காலை மூன்று கோயிலும் பத்தேகாலுக்கு முடிந்தது. கூட்டம் இல்லை. கஞ்சனூரில் அம்மா பிராகாரத்தை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார்கள். நாங்களும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

சுவாமிமலையில் முதல் நாளே கேட்டு வைத்திருந்த பட்டறைக்குப் போனோம். மகள் நேராக உளி வேலை நடந்த பக்கம் போய்விட்டாள். அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டு மெழுகு வேலைப் பக்கம் உட்காரவைத்தார்கள். அங்கே ஒரு பெரியவர் பலகையின் மேல் மெழுகை உருட்டி நூல் மாதிரித் திரித்து, அம்மன் சிலையின் கழுத்தில் ஆரமாக ஒட்டிக்கொண்டிருந்தார். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான் விளக்குத் திரி திரிக்கிற மாதிரிதான்" என்றார்கள். அவர் சிரித்துக்கொண்டே ஒரு உருண்டை மெழுகைக் கொடுத்தார். அம்மா உள்ளங்கையில் வைத்துத் திரித்தார்கள், முதல் இரண்டும் அறுந்தன, மூன்றாவது வந்தது. சிலைக்குக் கண் எப்போது திறப்பீர்கள் என்று கேட்டார்கள். எல்லா வேலையும் முடிந்து கடைசியில், நல்ல நேரம் பார்த்து என்றார். பிறகு இருவரும் மெழுகைவிட்டு, முட்டிவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று பேச ஆரம்பித்தார்கள். அரை மணி நேரம் என்று நினைத்துப் போன இடத்தில் இரண்டே கால் மணி நேரம் இருந்தோம். கிளம்பலாமா என்று கேட்டது நான் மட்டும்தான்.

சிலை ஒன்றும் வாங்கவில்லை. பெரியவர் அளவு பார்த்த ஓலைத் துண்டு ஒன்றை மகள் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள், மடிப்புகளோடு.

தாராசுரத்தில் முதலையைக் கண்டுபிடித்தாள். அவிநாசியில் சுந்தரர் பாடியதும் முதலை விழுங்கிய பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்ட கதை, ஒரு சின்னப் பலகைக்குள். எங்கள் வீட்டிலிருந்து அவிநாசிக்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கும். அம்மா அந்தக் கதையை எனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறார்கள், நான் மகளுக்குச் சொன்னதே இல்லை. அங்கே சுவர் ஓரமாக நின்று அம்மாதான் அவளுக்குச் சொன்னார்கள்.

ஆச்சாமரம் ஐயா, உங்களுக்கும் ஒரு செய்தி. கல்யாணத்தில் வாசித்த வித்வானிடம் மகள் போய், இது எந்த மரம் என்று கேட்டாள். அவர் நரசிங்கம்பேட்டையில் செய்தது என்றார். குழலில் நூலில் தொங்கிய சீவாளிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். காலை முகூர்த்தத்துக்கு ஒன்று, சாயங்கால வரவேற்புக்கு வேறொன்று வைத்திருக்கிறார், காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மாற்றுவாராம்.

ஆச்சாமரம்:
படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அடுத்த முறை நரசிங்கம்பேட்டைக்கு ஒரு நடுப்பகலை ஒதுக்குங்கள். துளை போடுகிற நாளாகப் பார்த்துச் சொல்கிறேன்.

வேம்பு:
நொய்யல் சார், பட்டறையில் பணம் ஏதும் கேட்டார்களா? நானும் என் அப்பாவை அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன். இரண்டு பேர்தான் வருவோம்.

நொய்யல்:
கேட்கவே இல்லை. அம்மா கொடுத்த வாழைப்பழச் சீப்பை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். போன் செய்துவிட்டுப் போங்கள், அமாவாசையைத் தவிர்த்துவிடுங்கள்.

அரசலாற்றங்கரை:
ஆடி, ஆவணியில் வர முடிந்தால் வாருங்கள். மேட்டூர் திறந்திருந்தால் ஆற்றில் தண்ணீர் ஓடும். தாராசுரத்திலிருந்து திரும்பும்போது பாலத்தில் பத்து நிமிடம் நிற்கலாம்.